ஐப்பசியில் தூங்கிய சூரியன்

“ஏன் பாப்பா, 2047-ல சூரியன் எப்படி இருக்கும்னு இப்பவே சொல்லிட முடியுமா?”

காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்ற அப்பா கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தீபாவளிக்கு மறுநாள். விடிந்ததிலிருந்து மழை. வெளியே பத்தடி தள்ளி நின்ற அவருடைய வண்டியே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. சவாரி கிடையாது. அதனால்தான் மகள் என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது.

மகள் அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தாள். வரைபடத்தின் அடியில் 2041, 2045, 2050, 2055, 2060 என்று வரிசையாக ஆண்டுகள். இரண்டு நாளாக அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நிறம் மாற்றினாள், தலைப்பு மாற்றினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள். ஆண்டை மட்டும் படிக்கவே இல்லை.

அவள் மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. புள்ளியியல் முதல் வருடம். வீட்டில் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. வரை நோட்டில் கணக்குப் போட்டுப் பழகியவள். முதல் முறையாக ‘ஆர்’ என்ற மொழியில் கம்ப்யூட்டரிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு பேராசிரியர்கள் 1990-களில் உருவாக்கிய மொழி அது. இலவசம். உலகம் முழுக்கப் புள்ளியியல் படிப்பவர்கள் அதில்தான் விழுந்து எழுகிறார்கள். இவள் முதல் இன்டர்னல் தேர்வில் விழுந்தாள். இன்னும் எழவில்லை.

இந்த அசைன்மென்ட்டிலும் மார்க் போனால் அரியர் நிச்சயம். தீபாவளிக்கு முதல் நாள் இரவு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “நான் திரும்பப் போகலைன்னா என்னம்மா? உன்கூட கடையிலயே இருந்துக்கறேனே.” ஏரிப் பக்கம் யூகலிப்டஸ் தைலமும் வீட்டுச் சாக்லேட்டும் விற்கும் சின்னக் கடை. அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முறுக்கு கருகுது, அப்புறம் பேசு” என்று மட்டும் சொன்னார். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த பை பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது.

அசைன்மென்ட் என்னவோ அவளுடைய ஊர்க் கதைதான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய பதிவுகள் எப்படி இருக்குமோ, அதே மாதிரியில் பேராசிரியர் ஒரு பயிற்சிக் கோப்பு தயாரித்துக் கொடுத்திருந்தார். இரண்டே பத்திகள். ஒன்றில் தேதி, மற்றொன்றில் அன்று சூரியனில் தெரிந்த கரும்புள்ளிகளின் பரப்பு. 1941 முதல் 1960 வரை இருபது ஆண்டுகள், ஒரு நாள் விடாமல் 7,305 வரிகள். சில நாட்களுக்கு நேராக அளவு இல்லை, வெறும் காலி. செய்ய வேண்டியது, மாதச் சராசரி கண்டுபிடித்து வரைபடம் போட்டு, அதில் தெரிவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது. ஞாயிறு இரவுக்குள் அனுப்ப வேண்டும்.

கேட்பதற்கு எளிதுதான். தேதி என்ற ஒன்று நடுவில் வராத வரை.

அந்த ஆய்வகத்தைப் பற்றி அவள் வீட்டில் தெரியாதவர் யாரும் இல்லை. அப்பா டூரிஸ்ட்களுக்கு அதைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே கிடையாது. “1899-ல ஆரம்பிச்சது சார். வெள்ளைக்காரன் காலத்துது. 1909-ல எவர்ஷெட்னு ஒருத்தர் இங்க இருந்துதான் சூரியனைப் பத்திப் பெரிய விஷயம் கண்டுபிடிச்சார்.” அது உண்மைதான். கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று ஜான் எவர்ஷெட் கண்டது 1909 ஜனவரியில், இதே மலையில்தான். உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவு.

ஆய்வகம் இங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் நடப்பதற்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகு அழுத்தமாக எழுந்தது. சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். மிக்கி ஸ்மித் என்ற விஞ்ஞானி பழனி மலையையும் நீலகிரியையும் பார்த்து, கொடைக்கானலே சரி என்று சொன்னார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,343 மீட்டர் உயரம். 1904-லிருந்து சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். மேகம் விட்ட நாளெல்லாம் ஒரு படம். நூறு வருடத்துக்கு மேலான அந்தத் தகடுகளைப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் இப்போது கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இவ்வளவு பெருமை உள்ள ஊரில் பிறந்த பெண்ணின் வரைபடத்தில் சூரியன் 2047-ல் இருந்தது.

உதவி கேட்காமல் இல்லை. கேட்ட விதத்தில்தான் கோளாறு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் புதன்கிழமை இரவே எழுதினாள். ‘டேட் வேலை செய்யல, யாராவது ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்.’ கைகூப்பும் பொம்மை மூன்று. முப்பத்தெட்டுப் பேர் இருக்கும் குழுவில் ஒருவன் மட்டும் ‘எனக்கும் அதே’ என்று போட்டான். மற்றவர்கள் பட்டாசு வீடியோ. டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்க’ என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்?

பிறகு போனில் இருந்த செயற்கை நுண்ணறிவு ஆப்பிடம் கேட்டாள். அது தூங்காது, அலுத்துக்கொள்ளாது. ‘ஒரு பத்தியில் தேதி இருக்கிறது, மாதச் சராசரி வேண்டும், படம் வேண்டும்’ என்றாள். பளிச்சென்று இருபது வரி எழுதித் தந்தது. அப்படியே ஒட்டினாள். ஓடியது. சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. படம் வந்தது. அவள் தேதி எந்த வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லவில்லை. அது கேட்கவும் இல்லை.

நடுவில் ஒரு சிக்கல் மட்டும் வந்தது. சில மாதங்களுக்குச் சராசரி வராமல் ‘என்.ஏ.’ என்று நின்றது. அளவு காலியாக இருந்த நாட்களால் வந்தது அது. வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கேட்டபோது, “அதெல்லாம் ஜீரோ போட்டுரு, போயிரும்” என்றாள். போட்டாள். போய்விட்டது. அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வர வேண்டியிருக்கும்.

அப்பா கேட்ட 2047 கேள்விக்குப் பிறகு அவள் அழவில்லை. போனை எடுத்து, ஹாஸ்டலில் முன்பு பக்கத்து அறையில் இருந்த அக்காவுக்கு அழைத்தாள். இருபத்தெட்டு வயது. இப்போது கோயம்புத்தூரில் டேட்டா வேலை பார்க்கிறார்.

“அக்கா, கோட் அனுப்பவா?”

“கோட் வேண்டாம் டி. கோப்புல முதல் பத்து வரியை அப்படியே காப்பி பண்ணி அனுப்பு. ஃபோட்டோ எடுத்து அனுப்பாத, எழுத்தா அனுப்பு. உனக்கு என்ன வரணும், என்ன வந்துச்சு, ரெண்டையும் ஒவ்வொரு வரியில எழுது. அதுக்கப்புறம் பேசுவோம்.”

எழுத உட்கார்ந்தால் கால் மணி நேரம் ஆனது. ‘எனக்கு என்ன வரணும்’ என்ற வரிதான் கஷ்டமாக இருந்தது. ‘1941 முதல் 1960 வரை 240 மாதச் சராசரி வரவேண்டும். வந்தது 2041 முதல் 2060 வரை’ என்று எழுதி முடித்தபோது, பிரச்சினையில் பாதி தானாகவே விளங்கியது. நன்றாகக் கேட்கப்பட்ட கேள்வியில் பாதிப் பதில் இருக்கும் என்பது கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. வக்கீலைக் கேளுங்கள், எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

அக்கா பார்த்தார். தேதிகள் 01/01/41, 02/01/41 என்று நாள், மாதம், ஆண்டு வரிசையில் இருந்தன. ஆண்டுக்கு இரண்டே இலக்கம்.

“உள்ள எத்தனை வரி போச்சு?”

“7,305 அக்கா.”

“தேதியா மாத்தின பிறகு எத்தனை வரி மிச்சம் இருக்கு? எண்ணிச் சொல்லு.”

எண்ணினாள். 2,880.

ஃபோனில் சற்று நேரம் மௌனம். “மீதி 4,425 வரி எங்க டி போச்சு?”

போன கதை இதுதான். ஆப் எழுதிய கோட் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்துப் படித்தது. 13/01/41 என்றால் பதின்மூன்றாம் மாதம். அப்படி ஒரு மாதம் இல்லை. எனவே அந்த வரியைச் சத்தமில்லாமல் ‘என்.ஏ.’ ஆக்கியது. அடுத்த வரியிலேயே ‘என்.ஏ. தேதிகளை நீக்கு’ என்றும் கோட் சொன்னது. ஒவ்வொரு மாதத்திலும் 12-ஆம் தேதிக்குப் பிந்தைய நாட்கள் எல்லாம் இப்படிக் காணாமல் போயின. 12 வரை உள்ள நாட்களோ இன்னும் மோசம். அவை நின்றன, ஆனால் இடம் மாறி நின்றன. அக்டோபர் 1 ஜனவரி 10 ஆகிவிட்டது. மார்ச் 12 டிசம்பர் 3 ஆகிவிட்டது. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் ஜனவரி 1, பிப்ரவரி 2 போன்ற நாட்கள் மட்டும் தப்பின. வருடத்துக்குப் பன்னிரண்டு. இருபது வருடத்துக்கு 240. ஏழாயிரத்துச் சொச்சம் வரிகளில் நாளும் மாதமும் சரியாக இருந்தவை அவ்வளவுதான். அவையும் நூறு வருடம் தள்ளி இருந்தன.

ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். சிவப்பு எழுத்து வந்தால் திருத்தத் தோன்றும். அழகான படம் வந்தால் யாருக்குத் தோன்றும்?

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். அவருக்கும் இது நடந்திருக்கிறது. சில வருடம் முன்பு அமெரிக்கக் குடும்பம் ஒன்று, மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கொடைக்கானலுக்கு வண்டி வேண்டும் என்று மெசேஜ் அனுப்பியது. தேதி 4/5. அப்பா டிரிப் நோட்டில் மே 4 என்று எழுதி வைத்தார். அவர்கள் ஏப்ரல் 5-ஆம் தேதி ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளோடு நின்று போன் செய்தார்கள். அப்பா அப்போது பூம்பாறையில் வேறு சவாரியில். “அதுலயிருந்து மாசத்தைப் பேரா எழுதிருவேன். ஏப்ரல்னா ஏப்ரல்னு. நம்பரே போடறதில்ல.”

“அதேதான் அப்பா!” என்றார் அக்கா கோயம்புத்தூரிலிருந்து. “நாங்க ஆபீஸ்ல வருஷம், மாசம், நாள்னு பெருசுலயிருந்து சின்னதுக்கு எழுதுவோம். உங்க வழியும் சரிதான்.”

மாதக் குழப்பம் தீர்ந்தது. கோட்டில் நாளை முன்னால் வைத்து எழுதினால் போதும். 2047 மட்டும் தீரவில்லை. ‘ஆர்’ மொழிக்கு ஒரு விதி உண்டு. ஆண்டை இரண்டு இலக்கத்தில் கொடுத்தால், 69 முதல் 99 வரை 1900-கள், 00 முதல் 68 வரை 2000-கள். அதுவாக எடுத்துக்கொள்ளும். 47 என்றால் அதற்கு 2047-தான்.

“அதுக்கு எப்படி அக்கா தெரியும், நான் எந்த நூற்றாண்டைச் சொல்றேன்னு?”

“தெரியாது. ஊகிக்குது.”

கட்டிலில் கம்பளிக்குள் இருந்த பாட்டி அப்போதுதான் வாய் திறந்தார். பேத்தி ஏதோ வருடக் குழப்பத்தில் இருக்கிறாள் என்ற அளவில் அவருக்குப் புரிந்திருந்தது. “நான் தாது வருஷம் பொறந்தவ. பென்ஷனுக்கு எழுதிக் குடுக்கப் போனப்ப ஆபீஸ்ல அந்தப் பையன், தாதுன்னா எதுங்கிறான். எனக்கு என்ன தெரியும்?”

பாட்டி சொன்னதில் முழு விஷயமும் இருந்தது. தமிழ் வருடங்கள் அறுபது. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பஞ்சம் வந்த தாது 1876. பாட்டி பிறந்த தாது 1936. அடுத்த தாது 1996. ‘தாது வருஷம்’ என்று மட்டும் சொன்னால் மூன்றில் எது என்று, சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது. அதனால் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று பிரித்து வைத்திருக்கிறது.

“நானும் தாது வருஷம்தான் பாட்டி” என்றார் ஸ்பீக்கரில் அக்கா. “தொண்ணூத்தாறு.”

“அப்ப எனக்கு ஜோடிதான் நீயி” என்றார் பாட்டி.

பாட்டியின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. பாட்டி பிறந்ததோ அடைமழை மாதத்தில். ஊரில் அவர் வயதுக்காரர்கள் பலருடைய அட்டையிலும் இதே ஜனவரி 1 இருக்கிறது. தேதி தெரியாதவர்களுக்கு ஏதாவது ஒன்றை எழுத வேண்டுமே என்று எழுதியது. “இதைத் தெரியாம யாராவது கணக்குப் போட்டா, தமிழ்நாட்டுல தாத்தா பாட்டிங்க எல்லாம் புத்தாண்டு அன்னிக்குத்தான் பொறந்தாங்கன்னு கட்டுரை எழுதிருவாங்க” என்று அக்கா சொன்னார்.

தீர்வு சுலபம். கோப்பு முழுவதும் 1900-கள்தான் என்று அவளுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனவே கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன் 19 என்று ஒட்டிவிட்டு, நான்கு இலக்க ஆண்டாகப் படிக்கச் சொல்ல வேண்டும். கட்டளையில் சின்ன ‘ஒய்’ போட்டால் இரண்டு இலக்கம், பெரிய ‘ஒய்’ போட்டால் நான்கு. ஓர் எழுத்து வித்தியாசம். நூறு வருட வித்தியாசம்.

அந்தப் பேச்சின் நடுவே அக்கா இன்னொன்றும் சொன்னார். கம்ப்யூட்டருக்குத் தேதி என்பது ஓர் எண்தான். ‘ஆர்’ 1970 ஜனவரி 1-ஐப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு நாட்களை எண்ணுகிறது. நாடு சுதந்திரம் அடைந்த நாள் அதற்கு மைனஸ் 8,175. எக்செல் 1900-லிருந்து எண்ணத் தொடங்குகிறது. அதிலும் அந்த 1900-ஐத் தவறாக லீப் வருடம் என்று நினைத்துக்கொண்டு. ஆய்வகம் பிறந்த 1899-ஐ எக்செல்லில் தேதியாக எழுத முடியாது. அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். பஞ்சாங்கக்காரர்கள் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள் எண்ணுவது போலத்தான் எல்லாம். தொடங்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு, அவ்வளவே.

சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் படம் சரியாக வந்தது. 7,305 உள்ளே, 7,305 வெளியே. 1941-லிருந்து 1960 வரை. 1944 பக்கம் பள்ளம், 1947-ல் மேடு, 1954-ல் மறுபடி பள்ளம், 1957, 58-ல் இன்னும் பெரிய மேடு. சூரியனின் பதினோரு வருட ஓட்டம். ஜெர்மனியில் ஷ்வாப் என்ற மருந்துக்கடைக்காரர் 1826-லிருந்து விடாமல் சூரியனைப் பார்த்துக் குறித்து வைத்துக் கண்டுபிடித்த ஏற்ற இறக்கம் அது. 1947 ஏப்ரலில் தெரிந்த கரும்புள்ளிக் கூட்டம், இதுவரை அளந்து பதிவானவற்றில் மிகப் பெரியது. அதற்குரிய மாதத்தில் அவள் படத்திலும் ஊசி போல ஒரு கோடு ஏறி நின்றது. அவளுக்குச் சிலிர்த்தது.

ஆனால் மேட்டிலும் பள்ளத்திலும் வேறு ஒன்று தெரிந்தது. ரம்பப் பல். வருடத்துக்கு ஒரு பல். ஒவ்வொரு வருடமும் தொடக்கத்தில் உயர்ந்து, பாதிக்கு மேல் சரிந்து, வருடக் கடைசியில் கிடந்து, தையில் மறுபடி எழுந்தது. இருபது வருடமும் அப்படியே. தேதிகள் கலைந்து கிடந்தவரை இது கண்ணில் படவில்லை. தேதி சரியானதும் பளிச்சென்று வந்துவிட்டது.

அக்காவுக்குப் படத்தை அனுப்பினாள். பதில் வரவில்லை; தூங்கியிருப்பார். ஆப்பிடம் கேட்டாள். ‘இது ஆண்டுதோறும் நிகழும் பருவகால மாறுபாடாக இருக்கலாம்’ என்று நாகரிகமாக ஒரு பத்தி எழுதித் தந்தது. சரிதான் என்று அறிக்கையில் எழுதத் தொடங்கினாள். ‘சூரியனில் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் கரும்புள்ளிகள் குறைகின்றன.’ அதற்குள் கரண்ட் போனது. பாட்டரியும் இல்லை. படுத்துவிட்டாள்.

காலையில் கரண்ட் வந்ததும் திறந்தாள். அப்பா வாசலில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதும் மேகம்தான். முதல் நாள் வந்திருந்த டூரிஸ்ட் குடும்பம் போன் செய்து, ஆய்வகம் போகலாமா என்று கேட்டது. “போகலாம் சார், ஆனா டெலஸ்கோப்ல சூரியனைப் பார்க்க முடியாது. ரெண்டு நாளாவே மேகம்” என்றார். பிறகு உள்ளே வந்து, மகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“இது என்ன பாப்பா, பல்லுப் பல்லா?”

“சூரியன்ல வருஷா வருஷம் ஐப்பசில புள்ளி குறையுதுப்பா.”

அப்பா அந்தப் பற்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் உயரம். ஜூனிலிருந்து இறக்கம். அக்டோபர், நவம்பர் தரையோடு தரை. ஜன்னலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“சூரியனுக்கு எப்படித் தெரியும், நம்ம ஊர்ல ஐப்பசின்னு?”

அவள் பதில் சொல்லவில்லை.

“ஜூன் பொறந்தா இங்க மேகம். ஐப்பசி, கார்த்திகைன்னா கேட்கவே வேண்டாம். ஆப்சர்வேட்டரிக்குக் கூட்டிட்டுப் போனாலும் நிறைய நாள் திரும்பித்தான் வரணும். தை, மாசில வந்தா பளிச்னு இருக்கும். இது சூரியனோட கணக்கு இல்ல பாப்பா. என் சவாரிக் கணக்கு மாதிரி இருக்கு.”

தோழி சொன்ன அந்த ஜீரோ இங்கேதான் உட்கார்ந்திருந்தது. மேகம் மூடிய நாளில் சூரியனைப் பார்க்க முடியவில்லை, அதனால் காலி. ‘பார்க்கவில்லை’ என்ற காலியை ‘பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்ற பூஜ்யமாக மாற்றிவிட்டாள். மழை மாதங்களில் காலி அதிகம், எனவே பூஜ்யம் அதிகம், எனவே சராசரி தரை. கொடைக்கானல் மேகம் இருபது வருடமாகச் சூரியனில் போய் ஒட்டிக்கொண்டது. கடை பூட்டிக் கிடந்த நாளையும் வியாபாரம் ஆகாத நாளையும் அம்மா ஒரே மாதிரி எழுதினால், கடைக் கணக்கு என்ன ஆகும்?

பேராசிரியர் வேண்டுமென்றே அந்தக் காலிகளை விட்டிருப்பார் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கோட் எழுதத் தெரிகிறதா என்று பார்க்க இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

ஜீரோ போட்ட வரியை அழித்தாள். காலியைக் காலியாகவே விட்டு, பார்த்த நாட்களுக்கு மட்டும் சராசரி எடுக்கச் சொன்னாள். பற்கள் மறைந்தன. அங்கங்கே கொஞ்சம் நடுக்கம் மிஞ்சியது. இரண்டு மூன்று நாள் மட்டுமே பார்க்க முடிந்த மாதங்கள் அவை. அதனால் கீழே இன்னொரு சின்னப் படம் சேர்த்தாள். ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் சூரியன் தெரிந்தது என்ற கணக்கு. முதல் படம் சூரியனுடையது. இரண்டாவது கொடைக்கானல் மேகத்துடையது. யாரும் கேட்காத அந்த இரண்டாவது படத்தைத்தான் அப்பா அதிக நேரம் பார்த்தார். “ஆமா, இப்படித்தான் இருக்கும்” என்று இரண்டு தடவை சொன்னார்.

மதியம் அக்கா போன் செய்தார். ராத்திரி அனுப்பிய படத்தைப் பார்த்துப் பதறியிருந்தார். “அந்தப் பல்லு என்னன்னு கண்டுபிடிச்சியா?”

“மேகம் அக்கா. அப்பா சொன்னாரு.”

“எனக்கு அது தோணியிருக்காது டி” என்றார் அக்கா. “நான் ஏதாவது ஃபில்டர் போட்டு மழுப்பச் சொல்லியிருப்பேன்.”

மாலை நான்கு மணிக்கு ஒரு பக்க அறிக்கை முடிந்தது. அம்மா கடையிலிருந்து வந்து, மூலையில் கிடந்த பையை எடுத்துத் துவைத்த துணிகளை உள்ளே வைக்க ஆரம்பித்தார். முறுக்கு ஒரு டப்பா, அக்காவுக்கு என்று தைலம் ஒரு பாட்டில். வத்தலக்குண்டு வழியாகப் போகும் காலை முதல் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார். ‘அப்புறம் பேசு’ என்று தள்ளி வைத்த பேச்சு அவ்வளவில் முடிந்தது. அவளும் ஐந்துக்கு என்றாள்.

அறிக்கையின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. ‘இந்த வேலையில் யாரிடம், எதற்காக உதவி பெற்றீர்கள்? மறைக்காமல் எழுதவும்.’ பெரும்பாலானவர்கள் ‘யாரிடமும் இல்லை’ என்று எழுதிவிடும் கட்டம் அது. அவள் கொஞ்ச நேரம் யோசித்து எழுதினாள். ஆப்: முதல் கோட், தேதி வடிவத்தை நான் சொல்லாததால் தவறாக வந்தது. சீனியர் அக்கா: தேதியைப் படிப்பது, வரிகளை எண்ணிப் பார்ப்பது. பாட்டி: இரண்டு இலக்க ஆண்டு ஏன் போதாது என்பது. நான்காவது வரியில் அப்பாவின் பெயர். பக்கத்தில், டாக்சி ஓட்டுநர், நாயுடுபுரம். உதவி: மேகம்.

அனுப்புவதற்கு முன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“ஓட்டுநர்னா போட்டிருக்க?”

“ஆமாப்பா.”

“ஓனர் கம் டிரைவர்னு மாத்து. வண்டி டியூ போன மாசமே முடிஞ்சிருச்சு.”

மாற்றினாள்.